எஸ்ஸுக்குப் பின்னால்

சதுர அடி பதினெட்டு ரூபாய்.
எழுத்துக்குத் தனிக்காசு இல்லை,
கமாவுக்கும் இல்லை.
அதனால்தான் ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

மணிக்கூண்டுப் பக்கம் ஜூஸ் கடை போட்டவர்
மேங்கோவுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில்
மேலே ஒரு கமாவைத் தொங்கவிடச் சொன்னார்.
மாம்பழத்துக்கு என்னங்க சொந்தம் இருக்கு, என்றேன்.
அழகுக்கும்மா, என்றார்.
ஆப்பிளுக்கு ஒன்று, ஆரஞ்சுக்கு ஒன்று,
கொய்யாவுக்கும் விடவில்லை.
ஈ மொய்த்தது போல் வந்தது பலகை.
பழக்கடைக்குப் பொருத்தம்தான்.

எனக்கும் முன்பு தெரியாது.
பெண்கள் பள்ளி ஆண்டுவிழா பேனர், எட்டுக்கு ஆறு.
எஸ்ஸுக்கு முன்னால் வைத்துவிட்டேன்.
தலைமையாசிரியை லெயோனி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"ஒரே ஒரு பொண்ணுக்காகவா
இத்தனை பெஞ்ச் வாங்கிப் போட்டிருக்கோம்?"
எண்ணூற்று அறுபத்து நாலு ரூபாய்
என் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி.
அவ்வளவு கொடுத்துப் படித்தது மறக்காது:
ஒருத்தி என்றால் எஸ்ஸுக்கு முன்,
பலர் என்றால் எஸ்ஸுக்குப் பின்,
எண்ணிக்கை மட்டும் என்றால் ஒன்றும் வேண்டாம்.

தமிழில் இந்தத் தொல்லை வேறு மாதிரி.
வாழ்த்துக்கு நடுவில் ஒரு க் விழுந்தால்
கள் வாடை அடிக்கிறது என்று சண்டைக்கு வர
வாரம் ஒருவராவது உண்டு.
ஆனால் சொந்தம் என்று வந்தால்
பழைய இலக்கணம் கைப்பொருளைத்தான் எண்ணும்:
எனது கை, என கைகள்.
உடையவர் எத்தனை பேர் என்று கேட்காது.
இங்கிலீஷ் அதைத்தான் முதலில் கேட்கிறது,
தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி.

செலஸ்தீன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம்.
தோளில் இஞ்ச் டேப், விரல் நுனியில் சாக்பீஸ்.
சிஸ்டர்ஸ் டெய்லரிங்குக்குப் புது போர்டு.
பழையதில் வெறும் எஸ்;
எழுதிய பெயிண்டர் எதையும் முடிவு செய்யவில்லை.
நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்
கமா எங்கே வேணும், என்று கேட்டேன்.
முன்னால் வைத்தால்?
ஒரு அக்கா, இல்லை ஒரு தங்கச்சி. ஒருத்தி கடை.
பின்னால்?
ரெண்டு பேரும்.

அமலோற்பவம் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்
ஆறு வருஷம்.
அவள் மெஷின் மூலையில் இருக்கிறது.
"மாசம் ஒருதரம் எண்ணெய் விடுறேன்,
ஓட்டுறதில்ல."
சொல்லிவிட்டு செலஸ்தீன் போனை எடுத்தாள்.
மூன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊரில்
இன்னும் காலை.

குரல் வந்தது, பின்னணியில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்:
"முன்னாடியே போடச் சொல்லுடி.
நீ ஒருத்திதானே தைக்கிற.
எனக்கெதுக்கு அங்க கமா?"

இரண்டாம் முறை போட்டுக் கேட்டாள்.
மூன்றாம் முறை ஒலியைக் குறைத்து, காதோடு.
நான் திரையில் அந்தக் குறியை
முன்னால் நகர்த்தினேன், பின்னால் நகர்த்தினேன்,
ஒரு மயிரிழை தூரம்.

"பின்னாடி போடுங்க," என்றாள்.
"கொஞ்சம் பெருசாவே."

சனிக்கிழமை மாட்டினார்கள்.
தெருவிலிருந்து பார்த்தால்
சரியாக அந்த இடத்தில் கேபிள் வயர் குறுக்கே போகிறது,
யாருக்கும் தெரியப்போவதில்லை.
மீதிப் பணம் வாங்க உள்ளே போனேன்.
மூலை மெஷின் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.
மாலை வெயில் ஃப்ளெக்ஸை ஊடுருவி
எழுத்தெல்லாம் இடவலம் மாறி
ஒன்றும் படிக்க வரவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து
மேல்வரியில் கமாதான் முதலில் வருகிறது.